பை இல்லாதவர்களுக்கு எதற்குப் பாக்கெட் கேமரா?

எங்கள் ஊர் நத்தம். வெளியூர்க்காரர்களுக்கு மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவைச் சொன்னால் தெரியும். ஜவுளிக்கடைக்காரர்களுக்கு நத்தம் சட்டை என்றால் தெரியும். சந்துக்குச் சந்து சட்டை தைக்கும் பட்டறைகள் உள்ள ஊர். பட்டறையில் இடம் இல்லாவிட்டால் வீட்டுத் திண்ணையிலும் மிஷின் ஓடும். காலர் ஒருவர், கை ஒருவர், காஜா ஒருவர், பட்டன் ஒருவர் என்று ஒரு சட்டை பல கைகள் மாறி வரும். பெண்கள் கை அதில் நிறைய. கூலி பீஸ் கணக்கு. அந்தச் சட்டையின் இடது மார்பில் ஒரு பாக்கெட் வைத்துத் தைக்கிறார்கள். தைக்கிற பெண்ணின் உடுப்பில் பாக்கெட் கிடையாது. சேலையில் இல்லை. சுடிதாரில் இருந்தால் அது அதிசயம். அவள் பணம் ரவிக்கைக்குள்ளோ சுருக்குப் பையிலோ இருக்கிறது. பல நேரம் புருஷன் சட்டைப் பாக்கெட்டில் இருக்கிறது.

இந்த ஊரில்தான், கேமரா வாங்கப் போகும் பெண்ணிடம் சொல்கிறார்கள்: “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா அம்புட்டுப் பெரிய கேமரா? பாக்கெட்ல வைக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு வாங்கிக்க.”

யாருடைய பாக்கெட்டில்?

நான் கல்யாணப் படம் எடுப்பவள். பன்னிரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. நத்தம், கோபால்பட்டி, சாணார்பட்டி, கொட்டாம்பட்டி, மதுரை வரைக்கும் போய்வருகிறேன். தொழிலுக்கு வர நினைக்கும் பெண்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “அக்கா, பெரிய மிரர்லெஸ் வாங்கவா, சின்ன காம்பேக்ட் வாங்கவா?” இதே தொழிலுக்கு வரும் தம்பிகள் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் கேட்பது எந்தக் கம்பெனி, எந்த லென்ஸ், எத்தனை மாதத் தவணை என்பதுதான். பெரியதா சின்னதா என்ற கேள்வி அவர்கள் பிறக்கும்போதே தீர்ந்துவிட்டது. நமக்குத்தான் தீரவில்லை. எனவே இதைக் கேமராவின் கேள்வி என்று மட்டும் நினைத்துப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பாதிக்கப் போகிறாய் என்றால் மிரர்லெஸ்தான். கடன் வாங்கியாவது வாங்கு, உன் பெயரில் வாங்கு. காம்பேக்ட்டுக்கும் ஒரு பெரிய வேலை இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் உன்னால் முடியாது என்று நினைப்பவர்கள் ஆறுதலுக்காக உன் கையில் திணிக்கும் காம்பேக்ட்டை வாங்காதே.

சின்னக் கேமரா பெண்ணுக்கு, பெரிய கேமரா ஆணுக்கு என்ற பங்கீட்டுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் கோடாக் கேமராவை விற்கத் தொடங்கியபோது, பொத்தானை மட்டும் அழுத்துங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் விளம்பரம். 1890களிலிருந்து அந்த விளம்பரங்களில் கையில் கேமராவோடு ஓர் இளம்பெண் வந்து நின்றாள். ‘கோடாக் பெண்’ என்றே அவளுக்குப் பெயர். 1900இல் ஒரு டாலருக்குப் பிரவுனி வந்தது, அது குழந்தைகளுக்கு. பெண்ணாலேயே முடிகிறது, குழந்தையாலேயே முடிகிறது என்றால் எவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் புரிந்துகொள்ள வேண்டும். அதுதான் வியாபாரம். குடும்ப ஆல்பத்தைப் பாதுகாக்கும் வேலை பெண்ணுக்குப் போனது. கூலி வாங்கிப் படமெடுக்கும் வேலை ஆணிடம் தங்கியது. வீட்டில் சமைத்தால் கடமை, ஓட்டலில் சமைத்தால் மாஸ்டர் என்று நாம் தினமும் பார்க்கும் அதே கணக்குதான்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. இன்று ‘புரொஃபெஷனல்’ என்று மார்தட்டும் மிரர்லெஸ் கேமராவே பெண்களுக்கானது என்று சொல்லி விற்கப்பட்டதுதான். பானாசோனிக் 2008இல் ஜி1 என்ற மாடலைக் கொண்டுவந்தது. லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடியை எடுத்துவிட்டு உடம்பைச் சின்னதாக்கிய முதல் மாடல்களில் அது முக்கியமானது. கறுப்பு தவிர சிவப்பிலும் நீலத்திலும் வந்தது. ஜப்பானில் அதன் விளம்பரம் பெண்களைக் குறிவைத்தே செய்யப்பட்டது. அப்போது பெரிய தொழில்காரர்கள் அதை விளையாட்டுச் சாமான் மாதிரி பார்த்தார்கள். 2013இல் சோனி, முழு அளவு சென்சாரோடு ஏ7 வரிசையைத் தொடங்கியது. 2018இல் கேனனும் நிக்கானும் அதே வழிக்கு வந்தன. அதற்குப் பிறகு மிரர்லெஸ் ஆண்களுடைய சாமான் ஆகிவிட்டது. கண்ணாடி இல்லாத அதே தத்துவம்தான். காசு கொடுக்காதவரை பெண்ணுடையது. காசு கொட்ட ஆரம்பித்ததும் ஆணுடையது. கைத்தையல் பெண்ணுடையதாகவும் டெய்லர் கடை போர்டு ஆணுடையதாகவும் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைப் புரிந்துகொள்வதில் நமக்குச் சிரமம் இருக்காது.

2017இல் நிக்கான் தன் டி850 கேமராவை அறிமுகப்படுத்த ஆசியா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்காவிலிருந்து 32 தொழில்முறைப் புகைப்படக்காரர்களைத் தேர்ந்தெடுத்தது. 32 பேரும் ஆண்கள். உலகம் முழுக்க ஏச்சு விழுந்த பிறகு, அழைத்த பெண்களால் வர முடியவில்லை என்று கம்பெனி விளக்கம் சொன்னது. மூன்று பெரும் நிலப்பரப்புகளில் ஒரு பெண்கூடவா கிடைக்கவில்லை? நத்தத்துக்கு வந்திருந்தால் நானே ஒருத்தியைக் காட்டியிருப்பேன்.

அடுத்து எடை. “வெயிட்டா இருக்கும்மா, நீ தாங்க மாட்ட.” கேமராக் கடைகளில் அக்கறையோடு சொல்லப்படும் வாசகம் இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சோனி ஏ7 நான்காம் மாடல், பேட்டரியும் கார்டும் சேர்த்து 658 கிராம். 24-70 எஃப் 2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பு 695 கிராம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றரைக் கிலோகூட இல்லை. தூரத்துக்கு 70-200 லென்ஸ் ஒன்று 1,045 கிராம், கைக்காவலாக இன்னொரு கேமரா என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் மூன்று கிலோ சொச்சம். தண்ணீர் பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 15 கிலோ. அதை இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று தூக்கிவரும்போது நீ தாங்க மாட்டாய் என்று எந்தக் கடைக்காரரும் குறுக்கே வந்து சொன்னதில்லை. நூறு நாள் வேலையில் மண் சுமக்கும்போது, புளி மூட்டை ஏற்றும்போது, மாங்காய்க் கூடையைத் தோப்பிலிருந்து ரோட்டுக்குக் கொண்டுவரும்போது நம் எலும்பைப் பற்றி யாருக்கும் கவலை வந்ததில்லை. கூலி குறைவான சுமையெல்லாம் பெண்ணால் முடியும். கூலி அதிகமான சுமை மட்டும் உடம்புக்கு ஆகாது.

இனி பொருளைப் பற்றிப் பேசுவோம். தொழிலில் இறங்கினால் எது ஏன் தேவை என்று தெரிந்திருந்தால்தான் கடைக்காரரிடமும் அண்ணனிடமும் வாதாட முடியும்.

கேமராவின் உயிர் சென்சார். வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் தகடு அது. முழு அளவு மிரர்லெஸ்ஸில் அது 36க்கு 24 மில்லிமீட்டர். சோனி ஆர்எக்ஸ்100 போன்ற காம்பேக்ட்டுகளில் ‘ஒரு இன்ச்’ என்று சொல்லப்படும் சென்சார் உண்மையில் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான். பரப்பளவில் ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம். பகல் வெளிச்சத்தில் இது பெரிதாகத் தெரியாது. நம் ஊர் முகூர்த்தமோ விடியற்காலை. மண்டபத்தில் ஒரு பக்கம் டியூப்லைட், ஒரு பக்கம் சீரியல் பல்பு, மேடையில் வீடியோக்காரர் வைத்த விளக்கு. சின்ன சென்சார் அங்கே திணறும். நிழலில் பொரி பொரியாகப் புள்ளி விழும். காம்பேக்ட்டின் லென்ஸைக் கழற்றி மாற்றவும் முடியாது. சொந்தக்காரர்கள் மேடையைச் சூழ்ந்துகொண்டால் அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து மணப்பெண்ணை எட்டிப் பிடிக்க வேறு லென்ஸ் வேண்டும்.

அதைவிட முக்கியம் இரண்டாவது கார்டு. தொழில்முறை மிரர்லெஸ்களில் இரண்டு மெமரி கார்டு போடலாம். ஒரே படம் இரண்டிலும் பதியும். ஒன்று கெட்டாலும் மற்றொன்று இருக்கும். காம்பேக்ட்டில் ஒரு கார்டுதான். கெட்டிமேளம் ஒரு தடவைதான் கொட்டும். கார்டு கெட்டுப்போச்சு, தாலியை அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள் என்று யாரிடமும் கேட்க முடியாது. அப்படி ஒரு விபத்து ஓர் ஆணுக்கு நடந்தால் ‘கார்டு கெட்டுப்போச்சாம், பாவம்’ என்பார்கள். பெண்ணுக்கு நடந்தால் ‘பொம்பளையக் கூப்பிட்டா இப்படித்தான்’ என்பார்கள். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் எந்தப் பெண்ணுக்கும் ஆர்டர் வராது. நமக்கு இரண்டாவது கார்டு வசதிக்காக வைத்ததில்லை, பின்னால் வரும் பெண்களுக்கும் சேர்த்துப் போடும் காப்பு.

மூன்றாவது, தோல். நிறத்தை அளக்கும் கருவிகள் நம் தோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கோடாக் 1950களிலிருந்து பிரிண்ட் லேப்களுக்கு அனுப்பிய அளவுகோல் அட்டைகளில் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்த முகம் சரியாக வந்தால் நிறம் சரி. கறுப்பு மக்களின் முகம் கரிக்கட்டையாக விழுந்தபோது கம்பெனி அசையவில்லை. மர நாற்காலியின் நிறமும் சாக்லேட்டின் நிறமும் சரியாக விழவில்லை என்று அந்த வியாபாரிகள் புகார் செய்த பிறகுதான் பிலிமில் பழுப்பு நிறங்களைச் சீர்செய்ய ஆரம்பித்தார்கள் என்பது ஆய்வாளர்கள் பதிவுசெய்த வரலாறு. பிலிம் போய்விட்டது, அந்தப் புத்தி போகவில்லை. இன்று போனிலும் பல சின்னக் கேமராக்களிலும் முகத்தைக் கண்டதும் தானாக வழவழப்பாக்கி வெளுப்பாக்கும் ‘பியூட்டி’ வசதி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பக்கத்துக் கல்யாண ஆல்பங்களைப் புரட்டுங்கள். வெயிலில் வளர்ந்த பெண்ணின் முகம் சுண்ணாம்பு நிறத்தில் இருக்கும், கை மட்டும் அவளுடைய கையாக இருக்கும். மாப்பிள்ளைக்கு இவ்வளவு வெள்ளையடிப்பதில்லை.

பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்து, வெளிச்சத்தைக் கையால் வைத்து, மேடையில் இருக்கும் வெள்ளை வேட்டி சட்டைகளையும் நகையையும் பார்த்து மீட்டர் ஏமாறாமல் முகத்துக்கு அளந்தால் கறுத்த பெண் கறுப்பாகவே அழகாக விழுவாள். நல்ல காம்பேக்ட்டிலும் ரா உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இருட்டு மண்டபத்தில் கறுத்த தோலின் நுணுக்கத்தைக் காப்பாற்ற அந்தப் பெரிய தகடு வேண்டும். இதைக் கலை என்றுகூடச் சொல்ல வேண்டாம். ஒரு பெண்ணிடம் உன் முகம் இதுதான் என்று பொய்யில்லாமல் காட்டும் குறைந்தபட்ச நேர்மை.

சரி, காசு? முழு அளவு மிரர்லெஸ்ஸும் ஒரு நல்ல லென்ஸும் மூன்று லட்சத்தை ஒட்டி வரும். நல்ல காம்பேக்ட் ஒரு லட்சத்தை ஒட்டி வரும். 2023 செப்டம்பரிலிருந்து தமிழ்நாடு அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை தருகிறது. அதை ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தால் மூன்று லட்சம் சேர 25 வருடம் ஆகும். எனவே கடன்தான் வழி. முத்ரா கடனில் 50,000க்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர் பிரிவு இருக்கிறது. மகளிர் குழுக் கடன் இருக்கிறது. நகைக்கடன் இருக்கிறது. வழி இல்லாமல் இல்லை. ஆனால் நம் குழுக்களில் வாங்கும் கடன் எங்கே போகிறது? மகனுக்கு பைக், மருமகனுக்கு ஆட்டோ, வீட்டுக்காரருக்குக் கடை முன்பணம். தவணை கட்டும் பெண் ஒருத்தி, பொருளை ஓட்டும் ஆண் வேறொருவர். அதே குழுவில் ஒரு பெண், ‘எனக்குக் கேமரா வேண்டும்’ என்று கேட்டால், ‘கல்யாணமாகிப் போயிட்டா யாரு கட்டுறது?’ என்று கேட்கிறார்கள். ஆட்டோ ஓட்டும் மருமகன் மட்டும் எங்கேயும் போகாமல் இருந்துவிடுவாரா?

என்னிடம் இரண்டு வருடம் வேலை கற்ற ஒரு பெண். கைவேகமும் கண்ணும் அவ்வளவு சுத்தம். தன் சம்பளத்தில் தவணை போட்டு மிரர்லெஸ் வாங்கினாள். பில்லில் அண்ணன் பெயர். “கடைக்கு அண்ணந்தானக்கா வந்துச்சு, அதான்” என்றாள். கல்யாணமாகி அவள் திருப்பத்தூர்ப் பக்கம் போனாள். கேமரா நத்தத்திலேயே இருந்துவிட்டது. அண்ணன் அதை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறார். சீராக அவளுக்குக் கட்டில், பீரோ, மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் லாரியில் ஏறிப் போயின. அவள் உழைத்து வாங்கிய ஒரே பொருள் மட்டும் ஏறவில்லை. புகுந்த வீட்டுக்காரர்கள் பிறகு அவளுக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். சின்னது. வீட்டு விசேஷத்துக்கு இது போதும் என்றார்களாம். ஒரு தொழிலாளியைத் திரும்பவும் இல்லத்தரசியாக்க அவர்கள் கத்தியை எடுக்கவில்லை. பாசத்தோடு ஒரு சின்னக் கேமராவைக் கொடுத்தார்கள்.

இதனால்தான் சொல்கிறேன்: பில் உன் பெயரில் இருக்க வேண்டும். வாரண்டி அட்டை உன் பெயரில் இருக்க வேண்டும். கேமராவின் சீரியல் எண்ணை எழுதி, பில்லோடு சேர்த்து, உன் ஆதாரை வைத்திருக்கும் இடத்தில் வைத்துக்கொள்.

வேலையிலும் இந்தப் பெரியது சின்னது கணக்கு ஓடுகிறது. கல்யாணம், ரிசப்ஷன் என்றால் ஆண்களின் டீம். சடங்கு, வளைகாப்பு, பெயர் வைப்பு என்றால் ‘லேடி போட்டோகிராஃபர் இருந்தா நல்லாருக்கும்’. முன்னது லட்சக் கணக்கு, பின்னது ஆயிரக் கணக்கு. மணப்பெண் அலங்கார அறைக்குள் போக நாங்கள் வேண்டும். அந்தப் படங்கள் ஆல்பத்தின் முதல் பக்கங்களில் வரும். ஆல்பத்தின் மேல் எங்கள் பெயர் வராது. ஸ்டுடியோக்காரர் பெயர் வரும். மேடை ஏறியதும், “நீங்க கீழ நில்லுங்கக்கா, மெயின் கேமரா தம்பி பாத்துக்குவாப்ல” என்பார்கள்.

ஹோமாய் வியாரவாலாவை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். 1913இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர். அவருடைய ஆரம்பகாலப் படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின. சேலை கட்டிக்கொண்டு, கனமான ஸ்பீட் கிராபிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு டெல்லியில் அலைந்தார். 1947 ஆகஸ்டில் ஏறிய கொடியையும் காந்தியின் இறுதி ஊர்வலத்தையும் எடுத்தார். 1970இல் தொழிலை விட்டார். நாடு அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தது 2011இல், அவருக்குத் தொண்ணூற்றேழு வயதானபோது. மறுவருடம் இறந்துபோனார். நம் சினிமாவில் பி.ஆர். விஜயலட்சுமி 1985இல் ‘சின்ன வீடு’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று அவரைச் சொல்கிறார்கள். சினிமாக் கேமராவையே கையாண்ட ஒரு பெண் நம் மொழியில் நாற்பது வருடம் முன்பே இருந்திருக்கிறார். ஒன்றரைக் கிலோவைக் காட்டி நம்மைப் பயமுறுத்துகிறார்கள்.

இப்போது காம்பேக்ட்டுக்கு வருகிறேன். அதைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. என்னிடமும் ஒன்று இருக்கிறது. ரிக்கோ ஜிஆர் 3. பேட்டரி, கார்டு சேர்த்து 257 கிராம். 28 மில்லிமீட்டர் பார்வை தரும் ஒரே லென்ஸ், ஜூம் கிடையாது. அதைக் கல்யாணத்துக்குக் கொண்டுபோக மாட்டேன். கூலி வராத, ஆனால் பதிவாக வேண்டிய இடங்களுக்குக் கொண்டுபோவேன்.

மாசித் திருவிழாவில் பூக்குழி நாளை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் சேலை நனைந்து உடம்போடு ஒட்ட, விரதம் இருந்த பெண்கள் வரிசையாக வருவார்கள். கூட்டத்துக்கு வெளியே, உயரமான இடமாகப் பார்த்து, நீண்ட லென்ஸ்கள் வரிசையாக நிற்கும். பக்தியைப் படமெடுக்கிறோம் என்பார்கள். எடுத்த படத்தில் எந்தப் பெண்ணிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து கேட்கவும் முடியாது. 28 மில்லிமீட்டர் லென்ஸ் அந்த வசதியைத் தராது. முகம் வேண்டுமென்றால் கைக்கெட்டும் தூரத்துக்குப் போக வேண்டும். அவள் உன்னைப் பார்ப்பாள். வேண்டாம் என்று தலையசைக்கலாம், சிரிக்கலாம், “நல்லா எடுத்தா” என்று சொல்லலாம்.

தெலங்கானாவில் ஜாகீராபாத் பக்கம், டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியில் தலித் விவசாயப் பெண்கள் வீடியோ எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர். அவர்கள் சினிமாப் பள்ளிச் சொற்களை வைத்துக்கொள்ளவில்லை. மேலிருந்து கீழே பார்த்தால் அது பட்டேல் ஷாட், நிலக்கிழார் நம்மைப் பார்க்கும் பார்வை. கீழிருந்து மேலே பார்த்தால் அடிமை ஷாட். கண்ணுக்குக் கண் சமமாகப் பார்த்தால் சங்கம் ஷாட்; சங்கக் கூட்டத்தில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து பேசும் உயரம் அது. அதற்கும் முன்னால் 1984இலேயே அகமதாபாத்தில் சேவா அமைப்பின் உழைக்கும் பெண்கள், காய்கறி விற்பவர்கள் உட்பட, வீடியோக் கேமராவைக் கையிலெடுத்தார்கள். கேமராவை எங்கே வைக்கிறோம் என்பதில் சாதியும் வர்க்கமும் இருக்கிறது என்பதைப் பஸ்தாப்பூர்ப் பெண்களைவிட எளிமையாக வேறு யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. காம்பேக்ட்டை நெஞ்சு உயரத்தில் பிடித்து, தரையில் உட்கார்ந்து, காஜா எடுக்கும் அக்காவோடு பேசிக்கொண்டே எடுக்கலாம். மூன்று கிலோ சாமானோடு பட்டறைக்குள் நுழைந்தால் ‘எந்த டிவி?’ என்று கேட்டு முதலாளி வந்து நிற்பார். பிறகு அங்கே நடப்பது நாடகம்.

‘அதற்குப் போன் போதாதா?’ என்று கேட்பீர்கள். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2019-21இல் இந்தியப் பெண்களில் தாங்களே பயன்படுத்தும் மொபைல் போன் வைத்திருந்தவர்கள் 54 சதவீதம்தான். வைத்திருப்பவர்களின் போனும் முழுக்க அவர்களுடையதா? மகன் பாடத்துக்கு வாங்குவான், புருஷன் யாரோடு பேசினாய் என்று திறந்து பார்ப்பார். கேலரியில் இருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். சிம் இல்லாத, யாரும் கூப்பிட முடியாத, கடவுச்சொல் கேட்டு யாரும் சண்டை போடாத ஒரு கருவி பெண்ணிடம் இருப்பது ஒரு சின்ன அறை இருப்பது மாதிரி.

ஆனால் சின்னக் கேமராவின் பெருமையாகச் சொல்லப்படும் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. ‘எடுப்பதே தெரியாது.’ பெண்களிடமா இதைப் பெருமையாகச் சொல்வது? எடுப்பது தெரியாமல் எடுத்த படங்களால் நாம் எவ்வளவு அழிந்திருக்கிறோம்! துணிக்கடை உடைமாற்றும் அறையில் நுழைந்ததும் சுவரைத் தடவிப் பார்க்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? பொள்ளாச்சியில் வீடியோவைக் காட்டி மிரட்டித்தான் பெண்களைச் சிதைத்தார்கள். 2019இல் வெளியே வந்த வழக்கு. 2025 மே மாதம்தான் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்துத் தீர்ப்பு வந்தது. ‘தெரியாமல் எடுப்பது’ ஆண்களின் தெருப் புகைப்படக்கலையில் ஒரு திறமையாக இருக்கலாம். பெண்ணின் கையில் இருக்கும் காம்பேக்ட்டுக்கு அந்த ஒழுக்கம் வேண்டாம். நாம் அதைக் கையில் வெளிப்படையாகப் பிடிப்போம், கேட்டு எடுப்போம், எடுத்ததைத் திரையில் காட்டுவோம், அழி என்றால் அவள் கண்முன்னால் அழிப்போம். சடங்கு வீட்டில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருக்கும் பதின்மூன்று வயதுச் சிறுமியிடமும் கேட்போம். அவள் படம் முச்சந்தி ஃப்ளெக்ஸில் ஏற வேண்டுமா என்று அவள் அப்பாவைக் கேட்கும் முன் அவளைக் கேட்போம்.

இன்னொரு கேள்வியும் வரும். பெரிய கேமராவோடு தனியாகப் போகும் பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லையே, சின்னதென்றால் யார் கண்ணிலும் படாதே? அதிகாலை மண்டபத்துக்குப் போக நானும் பயந்திருக்கிறேன். பயத்துக்கு மருந்து பஸ், தெருவிளக்கு, கூட இன்னொரு பெண், வாகனச் செலவு சேர்த்த கூலி. கேமராவைச் சுருக்குவது மருந்தாகாது. இந்த ஊரில் பட்டறைக்குள், அடுப்படிக்குள், ஆல்பத்தின் பின்னட்டைக்குள் கண்ணில் படாமல்தானே இருந்துவருகிறோம்? தோளில் பட்டையோடு, கழுத்தில் பெரிய கேமராவோடு, மண்டபத்தின் நடுவே ஒரு பெண் நின்று, “மாப்பிள்ளை, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க” என்று அதட்டும்போது, பந்தியில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளை அதைப் பார்க்கிறாள். அது கண்ணில் பட வேண்டிய காட்சி.

எனவே தங்கைகளே, கடைக்குப் போகும் முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இதனால் கூலி வர வேண்டுமா? வர வேண்டும் என்றால் இரண்டு கார்டு போடும் மிரர்லெஸ், ஒரு நல்ல லென்ஸ். புதிது முடியாவிட்டால் பழையது வாங்குங்கள், பில்லோடு வாங்குங்கள். கூலி வேண்டாம், நம் வாழ்வைப் பதிய வேண்டும் என்றால் காம்பேக்ட். அதை இரண்டாந்தரம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டே இருங்கள். எதை வாங்கினாலும் அண்ணனைக் கடைக்குக் கூட்டிப் போங்கள், பரவாயில்லை. பில் போடும்போது பெயரை நீங்கள் சொல்லுங்கள்.

மகளிர் குழு அக்காக்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த கூட்டத்தில் ஒரு பெண் கேமராவுக்குக் கடன் கேட்டால், பைக் கடனுக்குக் கேட்காத கேள்வி எதையும் அவளிடம் கேட்காதீர்கள். வீட்டில் விசேஷம் வைப்பவர்கள், அலங்கார அறைக்கு மட்டும் பெண்ணைக் கூப்பிடாமல் மேடையையும் அவளிடம் கொடுங்கள், ஆணுக்குக் கொடுக்கும் அதே கூலியில். ஆல்பம் வந்ததும் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். எடுத்தவள் பெயர் இல்லையென்றால் பாக்கிப் பணத்தைக் கொடுக்கும் முன் ஸ்டுடியோக்காரரிடம் கேளுங்கள்: “எடுத்தது யாரு? அந்தப் பிள்ள பேரப் போட்டுக் கொண்டுவாங்க.”